சத்தம் கேட்டு வாங்கிய துப்பாக்கி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான். அந்தக் காலம் மாதிரி வருமா என்பீர்கள். வராது. வரவும் வேண்டாம். நம் சின்ன வயதில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பொய் சொல்கிறீர்கள். நாற்பதைத் தொடுவதற்குள் எனக்கு நரை விழுந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. இனிமேல் பொய் கேட்டுத் தலையாட்ட என்னால் முடியாது. அதனால் ஒரு பங்குனி மாதத்தை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பழைய துப்பாக்கி ஒன்று வாங்கிய பங்குனி. திருவிழாவில் பலூன் சுடுவோமே, ஏர் கன், அது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ.

கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கண்ணை மூடினால் முதலில் வருவது கோபம் இல்லை, மினுமினுப்பு. அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தார். வெடிக்குள் போகிற மருந்தைச் சலித்துக் கலக்கிற அறை அது. சாயங்காலம் வேன் வந்து நிற்கும். அப்பா வெள்ளியாக இறங்குவார். அலுமினியப் பவுடர் புருவத்தில், காது மடலில், கழுத்து மடிப்பில், நகக்கண்ணில் எல்லாம் ஒட்டியிருக்கும். வெயில் சாயும்போது அவர் தெருவில் நடந்து வந்தால் சாமி சிலைக்கு உயிர் வந்து நடக்கிற மாதிரி இருக்கும். வாசலில் குளிப்பார். வெள்ளித் தண்ணீர் தெருவில் ஓடும். அடுத்த வீட்டுக் கோழிகள் அதை மிதித்து வெள்ளிக் காலோடு திரியும். நான் அந்தத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன். ஆப்செட் அச்சகத்தில் கழித்துப் போட்ட லேபிள் தாளில் செய்த கப்பல். கிளிப் படம் போட்ட தாள், நிறம் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விலகி, ஒவ்வொரு கிளிக்கும் இரண்டு மூக்கு இருக்கும். பள்ளிக்கூட நோட்டுக்கும் அதே தாளில்தான் அட்டை போட்டோம். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு என் அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் படிந்துகொண்டிருந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

அப்பாவின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் தெரு அப்படியே நின்றுவிடும். குழாயடியில் குடம் நிரம்பி வழியும், யாரும் திருகை மூட மாட்டார்கள். எந்தத் திசை, எந்தக் கம்பெனி, யார் வீட்டு ஆள் என்று மனசு ஓடும். அப்பா அன்று வீட்டில் இருந்தால் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

"தாயில்பட்டிப் பக்கம். கம்பெனி இல்ல. கிணத்து வெட்டுக்குப் போட்ட வெடி" என்பார்.

தெரு மூச்சு விடும். அவர் சொன்னது தப்பாய்ப் போய் நான் பார்த்ததில்லை.

கம்பெனியிலும் அந்தக் காதுக்கு மரியாதை உண்டு. புதுச் சரக்குப் போட்டால் சாம்பிள் வெடித்துப் பார்க்க அப்பாவைக் கூப்பிடுவார்கள். திரி பற்ற வைத்ததும் அவர் வெடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். பக்கத்தில் நிற்கிறவர்களையும் திரும்பச் சொல்வார். வெளிச்சத்தைப் பார்த்தால் கண் காதை ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி. வெடித்து முடிந்ததும், "காகிதம் ஈரம்", "கட்டு லூசு", "இது சரக்கு" என்று ஒற்றை வார்த்தையில் தீர்ப்புச் சொல்லுவார். எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் அவரைப் பார்த்து அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தீபாவளி அன்று எங்கள் தெருவில் ஆண்கள் வெடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பட்டாசு லோடு அடிக்கிற மினி லாரி ஓட்டினார். செய்தி இல்லாமல் அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"மச்சான், காரியாபட்டியில ஒரு பலூன்காரரு தொழில விடப் போறாராம். முட்டி போயிருச்சு, மகன் திருப்பூருக்குக் கூப்பிடுதானாம். துப்பாக்கி, பலகை, கறுப்புத் துணி எல்லாஞ் சேத்துத் தாரேங்காரு."

"அத வச்சு நான் என்ன செய்ய?"

"கடை போடுங்க. பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனி லீவுதானே. விருதுநகர்ல போட்டுப் பாப்போம். ஓடுச்சுன்னா அப்படியே சாத்தூரு, இருக்கன்குடி, கோயில்பட்டின்னு ஊரு ஊரா. வருசம் பூரா ஏதாவது ஒரு கோயில்ல கொடை, திருவிழான்னு இருந்துக்கிட்டேதான இருக்கு?"

"நான் பலூன் கடை போடவா? ஊரு சிரிக்கும்லே."

அம்மா மூலையில் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். குட்டி வெடிகளைத் திரியோடு திரி சேர்த்துப் பின்னுகிற வேலை. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"சிரிக்கட்டும். சிரிக்கிறவுகளா வந்து உங்களுக்குப் பதிலா மருந்து ரூம்ல நிக்கப் போறாக?"

அம்மா பின்னலை மடியில் வைத்தாள்.

"துப்பாக்கி நல்லதா இருந்தா வாங்கிருங்க. இல்லாட்டி வேண்டாம். நல்லதா இருந்து, கடையும் ஓடுச்சுன்னா, திரும்ப அந்த வேன்ல ஏறக் கூடாது. இப்பமே சொல்லுங்க, ஏற மாட்டீகல்ல?"

"ஏற மாட்டேன்" என்றார் அப்பா.

அவ்வளவுதான் விஷயம். ஒரு பழைய துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சரியாகப் பார்த்தால் அப்பா மருந்து ரூமை விட்டு வெளியே வருவார்.

காரியாபட்டிக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். சாத்தூரில் ஒரு பஸ், விருதுநகரில் ஒரு பஸ். ஜன்னலோரம் நான். வெயிலில் ரோடு தண்ணீராகத் தெரியும், பஸ் கிட்டப் போகப் போகத் தண்ணீர் விலகிப் போகும். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் மிளகாய் வற்றல் நெடியும், எண்ணெயில் பொரிகிற புரோட்டா வாசமும் ஒன்றாகக் கலந்து வரும். தும்மிக்கொண்டே எச்சில் ஊறும். அப்பா அன்று வெள்ளியாக இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வேறு யாரோ ஒரு வாத்தியார் மாதிரி இருந்தார். அம்மா அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் தூங்கி விழித்தபோது அவள் கை அவர் கைமேல் இருந்தது. அதற்கு முன்பு அப்படி நான் பார்த்ததில்லை. அப்புறமும் பார்த்ததில்லை.

பலூன்காரர் வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. ஒல்லி ஆள், வாய் நிறைய வெற்றிலை. துப்பாக்கியைச் சாக்கிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்தார். மரக்கட்டை வெளிறிப்போய் இருந்தது. இரும்புக் குழல் கறுப்பு. கொல்லைச் சுவர்மேல் பால் பவுடர் டின் ஒன்றை வைத்தார்.

"சுட்டுப் பாக்குறீகளா தம்பி?"

"நீங்க சுடுங்க அண்ணாச்சி. நான் கேக்கேன்" என்றார் அப்பா.

கேட்கிறேன் என்றுதான் சொன்னார். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. குழலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை, கட்டையில் கீறல் இருக்கிறதா என்று தடவவில்லை. டின்னுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மாமாவும் அவர் பக்கத்தில் திரும்பி நின்றார். வேடிக்கை பார்க்க வந்த அந்தத் தெரு ஆட்கள் ஒன்றும் புரியாமல் அவர்களும் திரும்பினார்கள்.

நானும் அம்மாவும் மட்டும் திரும்பவில்லை. எங்களை யாரும் திரும்பச் சொல்லவில்லை, ஏனென்றால் எங்களை யாரும் கேட்கவில்லை.

பலூன்காரர் குழலை மடக்கினார். ஒரு சின்ன எண்ணெய் டின்னை எடுத்து உள்ளே சொட்டு விட்டார். பச்சைப்பயறு மாதிரி ஒரு ஈயக் குண்டை வைத்தார், குழலை நிமிர்த்தினார், சுட்டார்.

டமார் என்றது. மரத்தில் இருந்த மைனாக்கள் எல்லாம் ஒரே துணியாக எழும்பின. குழல் நுனியிலிருந்து நீலப் புகை சோம்பலாக வெளியே வந்து, வெயிலில் சுருண்டு சுருண்டு நின்றது. பஜ்ஜிச் சட்டி கருகின வாசம். அப்பா கண்ணை மூடியிருந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவினது. இன்றைக்குப் பார்த்த மாதிரி இருக்கிறது அந்த முகம்.

"லட்சுமி வெடி தோத்துச்சு" என்றார். "இறுக்கமான சத்தம். சரக்கு."

"டின்னு விழலையே" என்றாள் அம்மா.

"வயசாயிருச்சுல்லம்மா, கை நடுங்குது" என்றார் பலூன்காரர். மறுபடி குழலை மடக்கினார், மறுபடி எண்ணெய் விட்டார், மறுபடி டமார். சுவரில் டின்னுக்கு மேலே ஒரு முழம் தள்ளிக் காரை உதிர்ந்தது.

"அங்கன போயி பட்டுருக்கு" என்று அம்மா கையைக் காட்டினாள். "டின்னு இங்கன இருக்கு."

"யக்கா, சத்தத்தக் கேட்டியா இல்லையா?" என்றார் மாமா.

"கேட்டேன். அதென்ன ஒவ்வொரு தடவையும் எண்ணெய் விடுதாரு?"

"மெஷினுக்கு எண்ணெய் விடாம? நீ தலைக்குத் தேய்க்கல?" என்று பலூன்காரர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "இது காத்துல சுடுறதுதானே. காத்துக்கு ஏது இம்புட்டுப் புகை?"

"ஏ, சும்மா இரு" என்றார் அப்பா. "உனக்கு மருந்தப் பத்தி என்ன தெரியும்?"

"இதுல ஏது மருந்து?" என்றாள் அம்மா.

அன்று அங்கே இருந்தவர்களில் புத்தியாகப் பேசியது அந்த ஒரு ஆள்தான். ஆனால் அதற்குள் பேரம் முடிந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஏர் கன்னுக்குள் ஒரு ஸ்பிரிங். அதன் தலையில் ஒரு தோல் வாசர். ஸ்பிரிங் விடுபட்டதும் வாசர் காற்றை நெருக்கித் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். சைக்கிள் பம்பு மாதிரிதான். வாசர் தேய்ந்துபோனால் காற்று கசியும், குண்டு போகாது. அந்த ஆள் என்ன செய்தார்? எண்ணெய் விட்டார். நெருக்குகிற சூட்டில் எண்ணெய் பற்றி உள்ளேயே வெடிக்கும். சத்தம் வரும், புகை வரும், குண்டும் கண்டபடி பறக்கும். மிச்சமிருக்கிற வாசர் இன்னும் கருகும். துணிக் கடைக்காரர் ஒருவர் அந்தத் துப்பாக்கியை வாங்கப் போயிருந்தால், இதென்ன இப்படிப் புகைகிறது என்று பயந்து வந்திருப்பார். விவசாயி போயிருந்தால் டின் விழுந்ததா என்று பார்த்திருப்பார். வெடிச் சத்தத்தையும் புகையையும் பார்த்து நல்ல சரக்கு என்று சந்தோஷப்பட எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும். அப்பாவின் காது பொய் சொல்லவில்லை. உள்ளே நிஜமாகவே வெடித்தது. வெடிக்கக் கூடாத பொருள் அது என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

விருதுநகர்க் கோயிலின் பங்குனிப் பொங்கல் திருவிழா வந்தது. ராட்டினத்துக்கும் அப்பளக் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. என் வேலை பலூன் ஊதுவது. ஊதி ஊதித் தலை கிறுகிறுத்துவிடும். ராட்டின விளக்குகள் சுற்றுகின்றனவா நான் சுற்றுகிறேனா என்று தெரியாது. உதட்டில் ரப்பர் மாவு இனிக்கும். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கறுப்புத் துணிமேல் அம்மா பலூன்களைக் கட்டினாள். அப்பா வெள்ளைச் சட்டையோடு நின்று, "வாங்க, வாங்க, சுட்டுப் பாருங்க" என்றார். அவருக்குக் கூப்பிடத் தெரியவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி கையைக் கூப்பினார்.

முதலில் வந்தவர்கள் சுட்டபோது டமார் டமார் என்றது. உள்ளே ஊறியிருந்த எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. கூட்டம் கூடியது. அப்பா அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்புறம் சத்தம் இறங்கத் தொடங்கியது. டமார் போய் டப் ஆனது, டப் போய் புஸ் ஆனது. கடைசியில் குண்டு குழலை விட்டு வெளியே வருவது கண்ணுக்கே தெரிந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு மின்மினி மாதிரி மெதுவாகப் போய், பலூனில் பட்டு, கீழே விழும். பலூன் ஆமாம் என்பது போல ஒரு தடவை தலையாட்டும். எனக்கு அது ரொம்ப அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"ஏண்ணே, குண்டு நடந்து போகுது, பஸ்ல ஏத்தி விடுங்க" என்றான் ஒருவன்.

"பலூனுக்கு முதுகு சொறிஞ்சு விடுதீகளா?" என்றான் இன்னொருவன்.

மாமா எங்கேயோ போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து ஊற்றினார். புகை வந்தது, ஒரு பெரிய சத்தம் வந்தது, அதோடு சரி. பிறகு புஸ் கூட இல்லை. அப்பா துப்பாக்கியைக் காதோடு வைத்து, மடக்கி, நிமிர்த்தி, மடக்கி, நிமிர்த்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பது மாதிரி. அம்மா பலூன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காற்றை இறக்கினாள். ஒன்றைக்கூட உடைக்கவில்லை.

லீவு முடிந்து வேன் வந்தது. அப்பா போகவில்லை. காலில் வலி என்றார். எந்தக் காலிலும் வலி இல்லை. முகம் காட்ட வெட்கம். "துப்பாக்கிக்காரர் எங்க?" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது, எல்லாரும் சிரித்தார்கள். அவர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அம்மாவைப் பெற்றவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பத்து வயதிலேயே பம்பு பிரித்து மாட்டியவள் அம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கையைச் சரம் பின்ன வைத்துவிட்டார்கள். அப்பா சாத்தூர் போயிருந்த ஒரு மத்தியானம் அவள் துப்பாக்கியை எடுத்துக் காலில் இடுக்கிப் பிரித்தாள். பின்பக்கத் திருகாணியைக் கழற்றினதும் ஸ்பிரிங் துள்ளிப் போய்க் கூரை ஓட்டை உடைத்தது. அம்மா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளேயிருந்து அவள் ஒரு கறுப்புச் சக்கையை விரலால் தோண்டி எடுத்தாள். கருகின அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"ஏட்டி, பம்பு வாசரு இது. வெறும் பம்பு வாசரு. இதுக்கா இம்புட்டு அழுகை?"

ஏழாயிரம்பண்ணை சைக்கிள் கடையில் தோல் வாசர் வாங்கி வந்தேன். அம்மா அதை விளக்கெண்ணெயில் ஊறப் போட்டு, பிழிந்து துடைத்து, பிளேடால் ஓரம் சீவி, உள்ளே போட்டாள். ஸ்பிரிங்கை மறுபடி அடைக்க நான் துப்பாக்கிமேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

காய்ந்த கண்மாய்க்குள் கொண்டுபோய்ச் சுட்டோம். கருவேல மரத்தில் கட்டினால் முள்ளே உடைத்துவிடும் என்று பனமட்டையை நட்டு அதில் பலூன் கட்டினோம். யாரும் இல்லை. கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தாள். துப்பாக்கி ஒரு சின்னத் தும்மல் போட்டது. அவ்வளவுதான். தூரத்தில் சிவப்புப் பலூன் இல்லாமல் போனது. அது இருந்த இடத்தில் வெறும் வெயில். அம்மா குறி பார்க்கிற முள்ளைத் திருகினாள், அடுத்தது. மஞ்சள் இல்லை. அடுத்தது. ஊதா இல்லை. எங்கள் வீட்டில் எப்போதும் சத்தம். திருவிழா சத்தம், வேன் சத்தம், தூரத்து வெடியைக் காது கொடுத்துக் கேட்கிற பயத்தின் சத்தம். அன்று ஒன்றும் இல்லை. அம்மா சத்தமே இல்லாமல் உலகத்திலிருந்து ஒவ்வொரு நிறமாக எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கொடுத்தாள். நானும் உடைத்தேன்.

மறுநாள் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் கண்மாய்க் கரையில் வந்து நின்றார். நின்றவர், பழக்கம், திரும்பி முதுகைக் காட்டினார்.

அம்மா சுட்டாள். பலூன் உடைந்தது.

"பலூன் உடைஞ்சது கேக்குது" என்றார் அப்பா. "துப்பாக்கி எங்க கேக்குது?"

"துப்பாக்கி கேக்க வேண்டாம். பலூன் உடைஞ்சாப் போதும்."

"இந்த வெயிலுக்கு அது தானா உடையும். காலையில இருந்து நம்ம வாசல்ல எத்தனை தானா உடைஞ்சுச்சு?"

அதுவும் உண்மைதான். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் பலூன் தன்னால் உடையும். அம்மா அடுத்ததைச் சுட்டாள். உடைந்தது.

"திரும்பிப் பாருங்க. ஒரே ஒரு தடவ."

"பாத்து என்ன செய்ய? செத்ததுக்கு எண்ணெய் தேச்சு உக்கார வச்சிருக்க. ஜீவனே இல்ல இதுல. இத வச்சுக்கிட்டு இன்னொரு ஊர்ல போயி புஸ் புஸ்னு நிக்கச் சொல்லுதியா? நான் நிக்கணுமா, நீ நிக்கப் போறியா?"

"நான் நிக்கேன்" என்றாள் அம்மா.

அவர் அதற்கும் திரும்பவில்லை. கரையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். அம்மா நான் நிற்கிறேன் என்று சொன்னதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். துப்பாக்கி சரியாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டால், பெண்டாட்டி பிரித்துச் சரியாக்கினது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மருந்து ரூம் மேல் என்று நினைத்த ஆண்கள் நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். இதைப் படிக்கிற உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார்.

மாமாவிடம் துப்பாக்கியைக் கொடுத்து, "கிடைச்சதுக்குத் தள்ளிரு" என்றார் அப்பா. மாமா அதைப் பழைய பலூன்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனுசன் வாங்கி ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டு அவசரமாகச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டாராம். அப்பா வீட்டில் இல்லாத நேரம் மாமா வந்து சொன்னபோது அம்மா சரம் பின்னிக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை அப்பா வேனில் ஏறினார். சாயங்காலம் வெள்ளியாக இறங்கினார்.

அடுத்த பங்குனிக்கும் விருதுநகர் போனோம். லீவின் கடைசி நாள், வேடிக்கை பார்க்கத்தான். கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பொருட்காட்சிப் பக்கம் நடந்தோம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பலூன் கடை முன்னால் நல்ல கூட்டம். உள்ளே அதே ஒல்லி ஆள், வாய் நிறைய வெற்றிலை. மகன் திருப்பூருக்குக் கூப்பிடவில்லை போலிருக்கிறது, அல்லது மகனே இல்லையோ என்னவோ. எண்ணெய் டின்னைக் காணோம். துப்பாக்கிக் கட்டைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். ஆனால் பின்பக்கத் திருகாணியின் தலை அம்மா முடுக்கினபோது தேய்ந்த மாதிரியே இருந்தது. அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த ஆள் எங்களைப் பார்த்தார், சட்டென்று பலூன் கட்டுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கையை நீட்டினாள். அவர் துப்பாக்கியைக் கொடுத்தார்.

அன்று குழாய் ஸ்பீக்கர்கள் நாலு பக்கமும் அலறின. காணாமல் போன பிள்ளையின் அறிவிப்பு, பாட்டு, ராட்டினத்தின் மோட்டார், பீப்பி. பக்கத்தில் நிற்கிற ஆள் பேசுவது காதில் விழாது. அப்பாவால் எதையும் கேட்க முடியவில்லை. அதனால் பார்த்தார்.

அம்மா மேல் வரிசையிலிருந்து தொடங்கினாள். அவசரப்படவில்லை. மடக்கினாள், குண்டு வைத்தாள், நிமிர்த்தினாள். சிவப்பு போனது. மஞ்சள் போனது. துணியில் ஒவ்வொரு நிறமாக அணைந்துகொண்டே வந்தது. கூட்டம் கத்தியது, அதுவும் கேட்கவில்லை, வாய்கள் திறந்து திறந்து மூடின. ராட்டின விளக்கு அப்பா முகத்தில் பச்சையாக, நீலமாகப் போய்ப் போய் வந்தது. அவர் கண்ணை இமைக்கவே இல்லை. அந்த மேல் வரிசையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவர் முன்னால் போனார். பலூன்காரரின் காதோரம் குனிந்து கத்தினார்.

"அண்ணாச்சி, இந்தத் துப்பாக்கியக் குடுப்பீகளா?"

பலூன்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா துப்பாக்கியைப் பலகைமேல் வைத்தாள்.

"கடைக்காரன்கிட்ட வந்து கடையவே கேக்கீகளே தம்பி" என்றார் அவர்.

அப்பா கையை நீட்டிச் சிவப்புக் கட்டையைத் தடவினார். குழலைத் தடவினார். ஒரு தடவை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கீழே வைத்தார். எங்கள் வீட்டு மூலையில் வாரக்கணக்கில் சாய்ந்து கிடந்த பொருள். அவருக்குத் தெரியவில்லை, அந்த ஆள் புதிதாக வேறொன்று வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அவர் அதைக் கேட்டிருக்கிறாரே தவிர, ஒரு நாளும் பார்த்ததில்லை.

கூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அப்பா நின்றார்.

"அதுல்லவா துப்பாக்கி. அந்த மாதிரி ஒண்ணு அன்னைக்கு நமக்கு அமைஞ்சிருந்துச்சுன்னா, நான் ஏன் இன்னும் அங்கன போறேன்?"

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் அவர் காது மடலில் லீவிலும் போகாமல் மினுங்கிய பவுடரைத் துடைத்தாள்.

"வாங்க, போவோம்" என்றாள். "காலையில வேன் வந்துரும்."